ஹார்டு டிஸ்கை 'ஃபார்மட்' செய்யும் முன்...



ஒரு காலத்தில் நம் கடைகளின் கணக்கு முழுவதும் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகளில் இருந்தது. பத்து வருடத்துப் பழைய பாக்கியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கணக்குப்பிள்ளை ஏணி வைத்துப் பரணில் ஏறி, தூசி தட்டி, உரிய பக்கத்தைப் புரட்டிக் காட்டிவிடுவார். இன்று அந்தப் பரண் முழுவதும் சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு பெட்டிக்குள் வந்துவிட்டது. கம்ப்யூட்டருடன் ஒயர் போட்டு இணைக்கும் வெளி ஹார்டு டிஸ்கைத்தான் சொல்கிறோம்.

பரணில் இருந்த பேரேட்டை அழிக்கக் கறையான் வர வேண்டும், அல்லது வெள்ளம் வர வேண்டும். இந்தப் பெட்டியில் இருப்பதை அழிக்க ஒரு விரல் அழுத்தம் போதும். அந்த அழுத்தத்திற்குப் பெயர்தான் 'ஃபார்மட்'. அது எப்போது தேவை, எப்போது ஆபத்து, பல வகைக் கம்ப்யூட்டர்களிலும் ஒரே டிஸ்க் வேலை செய்ய எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நமக்குப் புரிந்த பாஷையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் கடையில் நடந்தது

சில வருடங்களுக்கு முன் எங்கள் மொத்த வியாபாரக் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். கடையில் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர். வீட்டில் இளைய மகன் வைத்திருப்பது ஆப்பிள் நிறுவனத்தின் மேக். மூன்று வருடக் கொள்முதல் பில்கள், லாரி ரசீதுகள், சரக்கு மாதிரிப் படங்கள் எல்லாவற்றையும் மகன் வீட்டில் உட்கார்ந்து ஒரு டிஸ்கில் ஒழுங்காக அடுக்கி வைத்தார். மறுநாள் அதைக் கடைக்குக் கொண்டு வந்து விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினோம். திரையில் ஒரு கட்டம் வந்தது. இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்டது.

பில் போடும் தம்பி, கம்ப்யூட்டரே கேட்கிறது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணி, 'ஃபார்மட் டிஸ்க்' என்ற பொத்தானை அழுத்திவிட்டார். அரை நிமிடத்தில் டிஸ்க் காலி. அத்துடன் நின்றிருந்தாலும் பெரும்பகுதியை மீட்டிருக்கலாம். டிஸ்க் காலியாகத்தான் இருந்தது என்று நினைத்து, கடைக் கம்ப்யூட்டரில் இருந்த வேறு கோப்புகளை அதன்மேல் ஏற்றிவிட்டார். அழிந்ததை மீட்டுத் தரும் தொழில் செய்பவரிடம் கொடுத்து, கேட்ட கூலியும் கொடுத்து, கிடைத்தது பாதிக்கும் குறைவே. மீதி பில்களுக்கு ஒவ்வொரு ஊர் மண்டிக்கும் போன் போட்டு நகல் வாங்கினோம். சிலர் கொடுத்தார்கள். சில மண்டிகள் மூடியே போயிருந்தன.

தம்பியைக் கோபித்து என்ன பயன்? அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு நாம் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நமக்கே தெரிந்திருக்கவில்லை.

ஃபார்மட் என்றால் என்ன?

புதிதாக ஒரு கிட்டங்கி கட்டுகிறோம். வெறும் தரையில் மூட்டைகளை இறக்கினால் எது எங்கே என்று தெரியாது. ஆகவே தரையில் கோடு போட்டு, அட்டிக்கு எண் கொடுத்து, வாசலில் ஓர் இருப்புப் புத்தகம் வைக்கிறோம். மல்லி 3ஆம் அட்டியில், வத்தல் 7ஆம் அட்டியில் என்று அதில் எழுதுகிறோம். டிஸ்கை ஃபார்மட் செய்வது என்பது இதேதான். வெறும் டிஸ்கில் கோடு போட்டுப் புதிய இருப்புப் புத்தகம் திறப்பது.

ஏற்கெனவே சரக்கு உள்ள கிட்டங்கியில் பழைய இருப்புப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் புத்தகம் திறந்தால் என்ன ஆகும்? சரக்கு உள்ளேதான் இருக்கும். ஆனால் புத்தகத்தின்படி கிட்டங்கி காலி. அடுத்து வரும் சுமையைப் பழைய சரக்கு இருந்த இடத்திலேயே இறக்குவார்கள். எங்கள் கடையில் நடந்தது இதுவே.

இந்த இருப்புப் புத்தகத்தை எழுதும் முறை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒன்றல்ல. பழைய தமிழ்க் கணக்கு ஏடுகளில் மாகாணி, அரைக்கால் என்று தமிழ்க் குறிகளில் எழுதியிருப்பார்கள். அதை இன்றைய பி.காம். படித்த பிள்ளையிடம் கொடுத்தால் அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஏட்டில் தவறு என்று ஆகிவிடுமா? கம்ப்யூட்டருக்கும் அப்படியே. தனக்குப் படிக்கத் தெரியாத முறையில் எழுதிய டிஸ்கைக் கண்டால் விண்டோஸ் சில சமயம் எதுவும் காட்டாமல் இருந்துவிடும். சில சமயம் ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கும். மேக்காக இருந்தால் இந்த டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி, 'இனிஷியலைஸ்', 'இக்னோர்', 'இஜெக்ட்' என்று மூன்று பொத்தான்களைக் காட்டும்.

நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: அந்தக் கேள்விக்கு அர்த்தம், "எனக்கு இந்த ஏட்டைப் படிக்கத் தெரியவில்லை, கிழித்துப் போட்டுவிட்டுப் புது ஏடு போடட்டுமா?" என்பதே. உள்ளே ஏதேனும் இருக்கிறது என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் விண்டோஸில் 'கேன்சல்', மேக்கில் 'இஜெக்ட்' அழுத்தி டிஸ்கை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த டிஸ்க் முதலில் எந்தக் கம்ப்யூட்டரில் எழுதப்பட்டதோ அதிலேயே செருகிப் பார்க்க வேண்டும்.

எத்தனை வகை ஏடுகள்?

நம் கடைகளுக்குத் தேவையான அளவில் ஐந்து வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, என்.டி.எஃப்.எஸ். இது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993இல் விண்டோஸ் என்.டி.யுடன் கொண்டு வந்த முறை. விண்டோஸ் கம்ப்யூட்டரின் உள்ளே இருப்பது இதுவே. மேக் இதைப் படிக்கும். ஆனால் தனியாக ஒரு மென்பொருள் போடாமல் இதில் எழுதாது. பார்க்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் படிக்கவும் எழுதவும் செய்யும்.

இரண்டாவது, ஏ.பி.எஃப்.எஸ். இது 2017இல் ஆப்பிள் கொண்டு வந்த முறை. அதற்கு முன் மேக்கில் இருந்தது 'மேக் ஓ.எஸ். எக்ஸ்டெண்டட்'. இவ்விரண்டையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. எங்கள் டிஸ்க் இந்த வகையில் இருந்ததே எங்கள் நஷ்டத்திற்குக் காரணம்.

மூன்றாவது, எக்ஸ்ட் 4. இது லினக்ஸ் கம்ப்யூட்டர்களின் முறை. விண்டோஸில் செருகினாலும் மேக்கில் செருகினாலும் தானாகத் திறக்காது.

நான்காவது, ஃபாட் 32. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்புடன் வந்தது. அநேகமாக எல்லாக் கருவிகளும் இதைப் படிக்கும். ஆனால் ஒரு குறை உண்டு. 4 ஜி.பி. அளவையோ அதற்கு மேற்பட்டதையோ ஒரே கோப்பாக இதில் வைக்க முடியாது. கண்காணிப்புக் கேமராப் பதிவு, பல வருடக் கணக்கின் மொத்த நகல் ஆகியவை இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். அப்போது டிஸ்கில் இடம் நிறைய இருந்தும் கோப்பு ஏறவில்லையே என்று நாம் குழம்புவோம்.

ஐந்தாவது, எக்ஸ்ஃபாட். 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்தது. 4 ஜி.பி. தொல்லை இதில் இல்லை. 2008இல் விண்டோஸ் விஸ்டாவின் முதல் திருத்தத் தொகுப்பில் சேர்ந்தது. 2010 முதல் மேக்கும் இதைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. 2019இல் மைக்ரோசாஃப்ட் இதன் முழு விவரத்தையும் வெளியிட்ட பிறகு லினக்ஸின் உள்ளேயே இதற்கு இடம் கிடைத்தது. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கேமரா மெமரி கார்டுகளும் இந்த முறையிலேயே விற்பனைக்கு வருகின்றன. ஆகவே பல வகைக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான ஏடு இன்று இதுவே.

நமக்கு எது பொருத்தம்?

கடை, வீடு, ஆடிட்டர் ஆபீஸ் எல்லா இடத்திலும் விண்டோஸ்தான் என்றால் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். முறையிலேயே இருக்கட்டும். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஓர் இடத்தில் விண்டோஸ், இன்னோர் இடத்தில் மேக் என்றால் எக்ஸ்ஃபாட். லினக்ஸ் சேர்ந்தாலும் அதுவே. பழைய டி.வி.யிலோ பாட்டுப் பெட்டியிலோ செருக வேண்டுமானால் ஃபாட் 32 மட்டும் படிக்கும் கருவிகள் இன்னும் உண்டு. அதற்கு ஒரு சிறிய பென் டிரைவைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கணக்கு டிஸ்கை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஃபார்மட் செய்யும் முறை

முதல் வேலை, டிஸ்கில் உள்ள அனைத்தையும் வேறோர் இடத்தில் நகல் எடுப்பது. நகல் எடுத்தால் மட்டும் போதாது. நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து, சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். சரக்கு வந்து இறங்கியதும் இரண்டு மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லையா, அதுபோல. இரண்டாவது வேலை, அந்த ஒரு டிஸ்கைத் தவிர மற்ற பென் டிரைவ், டிஸ்க் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைப்பது. தவறான டிஸ்கை அழிக்கும் விபத்து பெரும்பாலும் இரண்டு டிஸ்க் ஒன்றாகச் செருகியிருக்கும்போதுதான் நடக்கிறது.

விண்டோஸில் 'திஸ் பி.சி.' பகுதியைத் திறந்து, டிஸ்கின் பெயர்மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'ஃபார்மட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரும் கட்டத்தில் கொள்ளளவைப் பார்த்து நம் டிஸ்க்தானா என்று சரி பார்க்கவும். 'ஃபைல் சிஸ்டம்' என்ற இடத்தில் எக்ஸ்ஃபாட். 'அலோகேஷன் யூனிட் சைஸ்' என்பதைத் தொட வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும். 'வால்யூம் லேபிள்' என்ற இடத்தில் 11 எழுத்துக்குள் ஒரு பெயர் கொடுக்கலாம். 'க்விக் ஃபார்மட்' என்பதில் குறியிட்டு 'ஸ்டார்ட்' அழுத்தினால் எல்லாம் அழியும் என்று எச்சரிக்கை வரும். அங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்து, அதன் பிறகு சம்மதம் கொடுக்கவும்.

மேக்கில் 'டிஸ்க் யுடிலிடி' என்ற மென்பொருளைத் திறக்க வேண்டும். 'வியூ' பட்டியலில் 'ஷோ ஆல் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்கின் பெயர் மேலேயும் அதன் பகுதிகள் கீழேயும் தெரியும். மேலே உள்ளதைத் தேர்ந்து 'இரேஸ்' அழுத்தி, 'ஃபார்மட்' இடத்தில் எக்ஸ்ஃபாட், 'ஸ்கீம்' இடத்தில் 'கைடு பார்ட்டிஷன் மேப்' கொடுக்க வேண்டும். மேக் முறையில் இருக்கும் டிஸ்கை மாற்றுவதற்கு இந்த வழியே எளிது. விண்டோஸில் அந்த டிஸ்கின் பெயரே சில சமயம் தெரியாது.

முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் சிறு கோப்பு ஒன்றை எழுதி, மற்றதில் திறந்து பாருங்கள். அங்கிருந்து ஒன்றை எழுதி இங்கே திறந்து பாருங்கள். இரண்டும் சரியானால் மட்டும் கணக்கை ஏற்றுங்கள்.

இன்னொரு சந்தேகம். 1 டி.பி. என்று விலை கொடுத்து வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 931 ஜி.பி. என்று காட்டும். எடை குறைவு என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது. சரக்கு ஒன்றே, படிதான் வேறு.

எக்ஸ்ஃபாட்டின் குறை

பொதுவான ஏடு என்பதற்காக எக்ஸ்ஃபாட்டில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் கணக்கு முறையில் எந்தப் பதிவையும் முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டுக்குக் கொண்டு போகிறோம். இடையில் ஏதாவது தடங்கல் வந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்துச் சரி செய்துவிடலாம். என்.டி.எஃப்.எஸ். முறையிலும் ஏ.பி.எஃப்.எஸ். முறையிலும் பாதியில் தடைப்பட்டால் ஏடு குழம்பாமல் காக்க இது போன்ற ஏற்பாடு உண்டு. எக்ஸ்ஃபாட்டில் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது ஒயரை உருவினாலோ கரண்ட் போனாலோ அதன் இருப்புப் புத்தகமே குழம்பிப் போகலாம்.

ஆகவே இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும். டிஸ்கை எடுக்கும்போது விண்டோஸில் 'சேஃப்லி ரிமூவ்', மேக்கில் 'இஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்ற பிறகே ஒயரைக் கழற்ற வேண்டும். அடுத்து, கணக்கு மென்பொருளை அந்த டிஸ்கிலிருந்தே நேரடியாக ஓட்டக் கூடாது. அன்றாட வேலை கடைக் கம்ப்யூட்டரின் உள்ளேயே நடக்கட்டும். டிஸ்கில் இருப்பது அதன் நகலாக மட்டும் இருக்கட்டும்.

பழைய டிஸ்கைக் கொடுக்கும்போது

'க்விக் ஃபார்மட்' இருப்புப் புத்தகத்தை மட்டுமே மாற்றுகிறது என்று பார்த்தோம். பழைய டிஸ்கைப் பிறருக்குக் கொடுக்கும்போது இதுவே நமக்கு எதிராகத் திரும்பும். வாடிக்கையாளர் பாக்கி, பாங்க் விவரம், கொள்முதல் விலை எல்லாம் உள்ளேயே கிடக்கும். விவரம் தெரிந்தவர் எடுத்துவிடுவார். சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க் என்றால் 'க்விக் ஃபார்மட்' குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்ய வேண்டும். விண்டோஸ் விஸ்டா தொடங்கி வந்த பதிப்புகளில் முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிடும். 1 டி.பி. டிஸ்குக்குப் பல மணி நேரம் ஆகும். இரவு கடை அடைக்கும்போது தொடங்கிவிட்டுப் போகலாம்.

அதேபோல், தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டால் பதற வேண்டாம். அந்த நொடியே டிஸ்கைக் கழற்றி, ஓர் எழுத்தும் அதில் எழுதாமல், மீட்கும் தொழில் தெரிந்தவரிடம் கொண்டு போக வேண்டும். மேலே புதுச் சரக்கு இறங்காத வரையில் பழைய சரக்கு கிடைக்க வாய்ப்பு உண்டு.

கணக்கு எத்தனை வருடம் வேண்டும்?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. 2023-24ஆம் ஆண்டுக் கணக்கின் ரிட்டர்னுக்கு உரிய நாள் 31.12.2024. ஆகவே அந்தக் கணக்கு 31.12.2030 வரையில் நம் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடு, விசாரணை இருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க நேரிடும். அதிகாரி கேட்கும்போது, பையன் தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டான் என்று சொன்னால் அது பதிலாகாது.

இதனால்தான் ஒரே டிஸ்கை நம்பி இருக்கக் கூடாது. இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வைத்து, வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது தரைத்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறந்துவிடவில்லை. கம்ப்யூட்டரும் நகலும் ஒரே மேஜைமேல் இருந்தால் நகல் எடுத்தும் எடுக்காததற்குச் சமம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். மூட்டைக்கு மார்க்கா எழுதாமல் நாம் சரக்கு அனுப்புவதில்லை. டிஸ்குக்கும் ஒரு சீட்டு ஒட்டுவோம். உள்ளே என்ன இருக்கிறது, எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது, எந்தத் தேதியில் செய்தது என்ற மூன்றையும் எழுதுவோம். அதன் கீழே, "ஃபார்மட் செய்யலாமா என்று கேட்டால் கேன்சல் அழுத்தவும், முதலாளியைக் கேட்கவும்" என்று எழுதுவோம். எங்கள் கடையில் இப்போது எல்லா டிஸ்கிலும் இந்தச் சீட்டு உண்டு. அதை எழுதி ஒட்டியவர் அதே தம்பிதான். இப்போது புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவரும் அவரே.